பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரு டைகர்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் படுத்திருக்கும் நாயைக் காட்டி "இது யார் வீட்டு நாய்?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல நேரத்தில் கேட்டால் ஆறு பேர் "எங்க நாய்தான்" என்பார்கள். கீழ் லயத்துக் கோழியைப் பிடித்துவிட்டது என்று ஆள் வந்து நிற்கும்போது கேட்டால், அந்த நாயை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல எல்லோரும் பார்ப்பார்கள். முதலாம் காம்பராவில், அதாவது லயத்தின் முதல் வீட்டில், அதன் பெயர் டைகர். ஐந்தாம் காம்பராவில் மணி. கடைசிக் காம்பராப் பாட்டிக்கு அது வெறும் மூதேவி. மூன்று பெயருக்கும் ஒரே மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு போகும்.

மலையகத்து நாய் என்றாலே சிலருக்கு நுவரெலியா வங்களா வாசலில் நிற்கும் லாப்ரடோர்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த நாய்க்குச் சொந்தக்காரர் ஒருவர், தட்டு ஒன்று, ஊசி அட்டை ஒன்று. லயத்து நாய்க்குப் பன்னிரண்டு சொந்தக்காரர், பன்னிரண்டு தட்டு, அட்டை மட்டும் இல்லை. அதற்கு வரும் நோய் வருத்தத்தில் பாதி, இரத்தம் குடிக்கும் அட்டைப் பூச்சியாலும் உண்ணியாலும் வருவது. மீதிப் பாதி, இவர் பார்த்திருப்பார் என்று அவரும், அவர் பார்த்திருப்பார் என்று இவரும் நினைப்பதால் வருவது.

ஆகவே முதல் வேலை மருந்து வாங்குவதல்ல, ஓர் எண்பது பக்கக் கொப்பி வாங்குவது. ஒரு நாய்க்கு இரண்டு பக்கம். எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும், கடுவனா பொட்டையா, நிறம், குத்துமதிப்பாக வயது, எடை, கடைசியாக ஊசி போட்ட திகதி, பூச்சி மருந்து கொடுத்த திகதி. கொப்பியும் ஊசி அட்டையும் ஒரே வீட்டில் இருக்கட்டும். முறை வைத்து வீடு வீடாகச் சுற்ற விட்டால் மூன்றாம் மாதம் காணாமல் போய்விடும். கோயில் சந்தாவுக்கும் மரண உதவிச் சங்கத்துக்கும் மாதாமாதம் பணம் சேர்க்கத் தெரிந்த லயத்துக்கு, நாய்க்கென்று இன்னொரு சிறு தொகை சேர்ப்பது பெரிய காரியமல்ல. யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊசி போடுகிற நாள்

விசர் நாய்த் தடுப்பூசியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் இலவசமாகவே போடுகிறார்கள். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துவிட்டு, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்திலோ கோயில் வாசலிலோ மேசை போட்டு உட்காருவார்கள். வருவது காலை ஒன்பது, பத்து மணிக்கு. அந்த நேரத்தில் ஆட்கள் மலையில். ஆட்கள் மலையில் என்றால் நாய்களும் மலையில். கொழுந்துக் கூடைக்குப் பின்னால் போய், நிரையின் முடிவில் படங்குக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். மேசையில் ஊசி இருக்கும், நாய் இருக்காது.

இதற்கு ஒரே வழி முந்திய இரவே கட்டிப் போடுவது. தும்புக் கயிற்றில் சுருக்குப் போடாதீர்கள். நாய் இழுக்க இழுக்கக் கழுத்து இறுகும், மூச்சு முட்டிய நாய்தான் கடிக்கும். கழுத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும்படி வளையம் விட்டு, வளையம் சுருங்காதபடி முடிச்சுப் போட வேண்டும். ஊசி போடும்போது அதற்கு மிகவும் பிடித்தவர் தலைப்பக்கம் நின்று, ஒரு கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து, மற்றக் கையால் தோளை அணைத்துப் பிடிக்கட்டும். காலைப் பிடிக்க ஒரு கூட்டம் சேர வேண்டாம். நான்கு பேர் அமுக்கினால் அடுத்த வருடம் ஓட்டோச் சத்தம் கேட்டதும் காட்டுத் தொங்கலுக்கு ஓடிவிடும். பகை உள்ள இரண்டு கடுவன்களை அருகருகே நிறுத்துவதும் வேண்டாம். ஊசி போடுகிறவரின் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

மூன்று மாதம் ஆகாத குட்டிக்கும் போடலாம், ஆனால் மூன்று மாதம் ஆனதும் மறுபடி போட வேண்டும். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. ஊசி அட்டையில் சொந்தக்காரர் பெயர் எழுதும் இடத்தில்தான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பெயர் கொடுத்தால் நாய் செய்கிற குற்றமெல்லாம் தன் தலையில் விழும் என்று பயம். நாய்களைப் பதிவு செய்ய இலங்கையில் 1901 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. நூற்றிருபது வருடம் கடந்தும் அந்தப் பயம் போகவில்லை. கொப்பி வைத்திருக்கும் வீட்டாரின் பெயரையே எல்லா நாய்க்கும் கொடுத்துவிடுங்கள், வேலை சுலபம்.

யாரையாவது கடித்துவிட்டால் ஓடி விழும் பீலித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது, மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். கோப்பித் தூள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதுவும் காயத்தில் படக் கூடாது. அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி போட்ட நாய்தானே என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம், அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டொக்டர். ஊசி அட்டையைக் கையில் கொண்டு போனால் அவருக்கு உதவியாக இருக்கும். நாயை அடித்துக் கொல்லவோ தூரத்தில் கொண்டுபோய் விடவோ கூடாது. அதைக் கட்டி வைத்துப் பதினான்கு நாள் கவனிப்பதில்தான் கடிபட்டவருக்கும் நன்மை இருக்கிறது. நாய் காணாமல் போனால் அதற்கு நோய் இருந்ததா இல்லையா என்று பிறகு அறிய வழியே இல்லை.

நாய்க்கு இலவசமாகக் கிடைப்பது விசர் நாய்த் தடுப்பூசி ஒன்றுதான். வைரசு நோய்களான பார்வோ, டிஸ்டெம்பர், அவற்றோடு எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான ஊசியை மிருக வைத்தியரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. எல்லா நாய்க்கும் போடப் பணம் போதாவிட்டால் குட்டிகளுக்கு முதலில் போடுங்கள். பார்வோ வந்து ஒரு குட்டி செத்த இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், அந்தக் கிருமி மாதக்கணக்காக இருக்கும். வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகாது. வெளுக்கும் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரை முழுவதும் நனையும்படி ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும்.

பன்னிரண்டு தட்டு

ஊசி விஷயத்தில் யாரும் முன்வராத அதே லயத்தில், சோறு விஷயத்தில் யாரும் பின்வாங்குவதில்லை. ஐந்தரை மணிக்கு முதலாம் காம்பராவில் பிஸ்கட், ஆறு மணிக்கு மூன்றாம் காம்பராவில் ரொட்டித் துண்டு, மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்கு மறுபடி ரொட்டி, பின்னேரம் ஏழு வீட்டுச் சோறு. ஒவ்வொரு வீட்டிலும் அது பட்டினி கிடந்த முகத்தோடுதான் போய் நிற்கும். அந்த நடிப்பில் லயத்து நாயை மிஞ்ச ஆளில்லை.

12 கிலோ எடையுள்ள ஒரு வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 700 கலோரி போதும். நம் அடுப்பங்கரைக் கணக்கில், வெந்த சோறு 400 கிராம், எலும்பு நீக்கி அவித்த கோழி 130 கிராம். சோற்றில் இரண்டு பெரிய தேத்தண்ணிக் கோப்பை கொஞ்சம் குவித்து அளந்தால் சரியாக வரும். கோழிக்குப் பதில் அவித்த சாளை மீனும் முட்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கிழமைக்கு ஒரு தடவை ஈரல் கொஞ்சம். சோறும் இறைச்சியும் மட்டும் தின்றால் சுண்ணாம்புச் சத்துப் பற்றாது. முட்டை ஓட்டைக் கழுவி, அடுப்பு ஓரத்தில் நன்றாகக் காய வைத்து, மாவாக இடித்து நாளுக்கு அரைத் தேக்கரண்டி கலக்க வேண்டும். கருவாட்டுத் தலை போடுவதாக இருந்தால் இரண்டு தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுப் போடுங்கள். அவித்த கோழி எலும்பு வேண்டாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும், குடலைக் குத்தும்.

பன்னிரண்டு வீட்டுச் சோற்றில் பெரிய தொல்லை அளவல்ல, வெங்காயம். வெங்காயம் நாயின் சிவப்பு அணுக்களை உடைக்கும், பச்சையாக இருந்தாலும் வெந்தாலும் ஒன்றுதான். உடம்பின் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் உள்ளே போனால் கெடுதல் தெரியத் தொடங்கும். 12 கிலோ நாய்க்கு அது 180 கிராம், பெரிய வெங்காயத்தில் ஒன்றரை. எந்த ஒரு வீட்டுக்காரரும் அவ்வளவு போடுவதில்லை. இந்த வீட்டுப் பருப்பு, அந்த வீட்டுச் சம்பல், அடுத்த வீட்டு மீன் குழம்பு என்று நாள் தவறாமல் சேர்ந்தால், குறைந்த அளவும் தன் வேலையைக் காட்டும். நாய் சோர்ந்து படுக்கும்போது எல்லோரும் "நாங்க கொஞ்சம்தானே போட்டோம்" என்பார்கள். எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சரியாக நடக்கக்கூடிய ஏற்பாடு: ஒரு நாளுக்கு இரண்டு வீடு. காலை ஒரு வீடு, மாலை ஒரு வீடு, இருவரும் தாளிப்பதற்கு முன் சோறும் பருப்பும் மீனும் ஒதுக்கி வைக்கட்டும். மற்றப் பத்து வீட்டுக்கும் ஆளுக்கு அரை மாரி பிஸ்கட் அனுமதி. முழுவதும் தடை செய்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள், பாட்டி முதலில் கேட்க மாட்டார். பால் தேத்தண்ணி ஒரு மடக்கு குடித்ததால் நாய் செத்துவிடாது, ஆனால் தேயிலைத் தூள் பையைக் கிழித்துத் தின்றால் நெஞ்சு படபடத்துக் கை கால் நடுங்கும். தேத்தூளைச் சீனி போத்தலைப் போலவே மூடி வையுங்கள்.

அட்டை

இந்த மலைநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாத வருத்தம் இது. தென்மேல் பருவ மழை மே மாதத்தில் தொடங்கினால் ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் நாயின் காலில் அட்டை இல்லாத நாளே இருக்காது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு அந்தத் தொல்லை வடகீழ்ப் பருவத்தோடு, வருடக் கடைசியில்.

மலையிலிருந்து வந்ததும் பார்க்க வேண்டிய இடங்கள்: கால்விரல் இடுக்கு, காதின் உள்மடிப்பு, உதட்டு ஓரம், கண் இமை, தொடை இடுக்கு. உப்புப் போட்டால் அட்டை விழும், உண்மைதான். ஆனால் விழும்போது உள்ளே இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிட்டு விழும், காயமும் எரியும். நகத்தால் எடுப்பது நல்லது. அட்டையின் ஒல்லியான முனைதான் வாய். விரலால் தோலைச் சற்று இழுத்துப் பிடித்து, அந்த முனைக்குப் பக்கத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும். உடனே பருத்த முனையையும் தள்ளிச் சுண்டி எறியுங்கள், தாமதித்தால் உங்கள் விரலில் ஒட்டிக்கொள்ளும். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளை உள்ளே விட்டிருப்பதால் காயம் வெகுநேரம் கசியும். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை துணியைத் தூக்கிப் பார்ப்பவர்களுக்கு நிற்காது. அட்டை கடிக்காமல் இருக்கப் புகையிலைச் சாற்றை நாயின் காலில் பூசும் வழக்கம் வேண்டாம். நமக்குக் காலில் பூசிய மருந்து, நாய்க்கு நக்கிக் குடித்த விஷம்.

காலில் ஏறும் அட்டை வெறும் தொல்லை. மூக்கில் ஏறும் அட்டை வேறு இனம், தண்ணீரில் இருப்பது. தேயிலை மலையின் வடிகாலான வெட்டுக்கானில் தேங்கிய தண்ணீரையோ ஓடை ஓரத்துக் குட்டையையோ நாய் குடிக்கும்போது நூல் மாதிரிச் சின்னதாக உள்ளே போய், வாரக்கணக்காக அங்கேயே இருந்து கொழுக்கும். ஓயாத தும்மல், ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம், முன்னங்காலால் மூக்கைத் தேய்ப்பது, இவை மூன்றும் சேர்ந்தால் அதுதான். சில நேரம் நாய் தண்ணீர் குடிக்கும்போது மூக்கு நுனியில் கறுப்பாக ஏதோ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள், பெரியவர்கள் நம்ப மாட்டார்கள்.

எடுக்கிற முறை இது. மூன்று நான்கு மணி நேரம் நாய்க்குத் தண்ணீர் வைக்காதீர்கள். பிறகு வெளிச்சமான இடத்தில், அகலமான வெள்ளைப் பேசினில் குளிர்ந்த தெளிந்த தண்ணீரை நாலு விரல் உயரத்துக்கு ஊற்றி முகத்துக்கு நேரே வையுங்கள். நாய் குடிக்கக் குடிக்க, தண்ணீரின் வாடைக்கு அட்டை நீண்டு வெளியே வரும். முதல் தடவை தலை காட்டியதும் பாயக் கூடாது. அரை அங்குலமாவது வெளியே வரும்வரை பொறுத்து, உலர்ந்த துணியால் பிடிக்க வேண்டும். வெறும் விரலில் வழுக்கும். பிடித்ததும் வெடுக்கென்று இழுத்தால் அறுந்து பாதி உள்ளே நின்றுவிடும். ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருந்தால் அதுவாகவே பிடி விடும். இரண்டு நாள் முயன்றும் வராவிட்டால் மிருக வைத்தியர்தான், அவர் மயக்க மருந்து கொடுத்து எடுப்பார். மூக்குக்குள் உப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய், தேசிக்காய்ச் சாறு ஊற்ற வேண்டாம். அட்டைக்கு முன் நாயின் மூச்சுக்குழாய் வெந்துவிடும்.

உண்ணியும் சாயத்தண்ணியும்

அட்டை கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்ணி மிளகளவு இருப்பதால் ஒருவரும் பயப்படுவதில்லை. கணக்குப் பார்த்தால் நாய்களைக் கூடுதலாகக் கொண்டுபோவது உண்ணிதான். அதன் கடியால் வரும் காய்ச்சலில் பபீசியா என்ற நுண்ணுயிர் சிவப்பு அணுவுக்குள் புகுந்து உடைக்கிறது. வெங்காயம் செய்கிற அதே நாசம், இன்னும் வேகமாக.

கிழமைக்கு இரண்டு நாள் காதுக்குள், கழுத்துப்பட்டிக்குக் கீழ், வாலின் அடி, விரல் இடுக்கு என்று தடவிப் பாருங்கள். நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே மேலே இழுக்க வேண்டும். திருகவோ, நெருப்புக் குச்சியால் சுடவோ, விரலால் நசுக்கவோ கூடாது. எடுத்ததைச் சவர்க்காரத் தண்ணீர் உள்ள போத்தலில் போடுங்கள். உண்ணி மருந்தும் பூச்சி மருந்தும் எடைக்கு ஏற்பக் கொடுப்பவை. எடை தெரிய, தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஏறி நின்று, பிறகு தனியாக ஏறி, கழித்துப் பார்த்தால் போதும். கொழுந்து நிறுக்கிற தராசிலும் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவின் தராசிலும் கண் வைக்க வேண்டாம். லயத்தில் ஒரு நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, அடுத்த நாய் உண்ணியைத் திருப்பிக் கொடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. இன்னொன்று, பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனையைக் கொல்லும். அடுப்பங்கரையில் நாயும் பூனையும் ஒரே சாக்கில் சுருண்டு படுக்கிற வீடுகளில் மருந்து வாங்கும்போதே பூனை இருப்பதைச் சொல்லுங்கள்.

காய்ச்சலைக் கண்டுபிடிக்க மூக்கைத் தொட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை, இந்தக் குளிரில் எல்லா மூக்கும் சில்லென்றுதான் இருக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளைக் கடதாசி மாதிரியோ மஞ்சளாகவோ இருந்தால் ஆபத்து. சிறுநீரைப் பாருங்கள். சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேத்தண்ணி, நிறத்தில் போனால் உடைந்த இரத்தம் போகிறது என்று பொருள், அன்றைக்கே கொண்டு போக வேண்டும். உடம்புச் சூடு 38.3 முதல் 39.2 பாகை வரை இருப்பது நாய்க்கு இயல்பு. நம் கணக்கில் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் (பரசிட்டமோல்) கொடுத்துவிடாதீர்கள், அது ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும்.

ஈரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இஸ்தோப்புச் சீமெந்தில் நேரே படுக்க விடாமல், பலகையைக் கல்லின் மேல் நாலு அங்குலம் உயர்த்தி வையுங்கள். இரண்டு சாக்கு வேண்டும், ஒன்று நாய்க்குக் கீழே, மற்றது அடுப்புக்கு மேலே காய்ந்துகொண்டிருக்க. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் இரவுகளில் குட்டிகளையும் கிழட்டு நாய்களையும் உள்ளே எடுங்கள். குளிப்பாட்டுவது மாதத்துக்கு ஒரு தடவை, வெயில் உள்ள நண்பகலில், வெதுவெதுப்பான தண்ணீரில். சொறி வந்தால் பழைய எஞ்சின் ஒயில் பூசுகிற வைத்தியம் மட்டும் வேண்டாம். தோலாலும் நாக்காலும் உள்ளே போய் ஈரலைத் தின்னும். சொறியை உண்டாக்கும் பூச்சிக்கு இப்போது நல்ல மாத்திரைகள் உண்டு.

ஆறு மணிக்குப் பிறகு

தேயிலை மலைக்கும் காட்டுத் தொங்கலுக்கும் இடையில் சிறுத்தை இரவில் நடமாடுகிற பகுதிகளில், லயத்து நாய் அதற்கு இலகுவான இரை. இருட்டு முன் எல்லா நாயும் உள்ளே இருக்க வேண்டும். ஆடு, கோழி காவலுக்கென்று நாயை வெளியே சங்கிலியில் கட்டி வைப்பது காவலே அல்ல. ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது, குரைத்து இடத்தை வேறு காட்டிக்கொடுக்கும். கோழிக் கழிவையும் மீன் குடலையும் லயத்துக்குப் பின்னால் கொட்டினால் பன்றியும் நாயும் கூடும், அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும்.

பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி இதைவிட மோசம். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சிக்கி, சில நாளில் செத்தது. சிறுத்தை சிக்கினால் செய்தி, நாய் சிக்கினால் ஒரு வரியும் வராது. இரவு வராத நாயைக் காலையில் தேடப் போகிறவர்கள் குறடும் தடித்த சாக்கும் கொண்டு போங்கள். முதலில் சாக்கால் தலையை மூட வேண்டும், உங்கள் கையில் வளர்ந்த நாய் என்றாலும் வலியில் கடிக்கும். கம்பியைக் கட்டையிலிருந்து வெட்டுங்கள். தசைக்குள் புதைந்த பகுதியை நீங்களே பிடுங்காமல் அப்படியே மிருக வைத்தியரிடம் எடுத்துப் போங்கள். வெளியே காயம் தெரியாவிட்டாலும் போக வேண்டும். வயிற்றைச் சுற்றி இறுகிய கம்பி உள்ளே செய்த சேதம் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

குட்டிகள்

பொட்டை நாய் ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும், மூன்று வாரம் இருக்கும். அந்த மூன்று வாரமும் தோட்டத்தின் எல்லா டிவிஷன் கடுவன்களும் உங்கள் லயத்தில்தான் கூட்டம் போடும். 63 நாளில் ஐந்தாறு குட்டி. குட்டிகள் அழகாக இருக்கும் எட்டு வாரம் வரை எல்லோருக்கும் பெருமை, பிறகு இரவோடு இரவாகப் பெட்டியில் போட்டு டவுனில் விடுகிற வேலை. கருத்தடை செய்துவிட்டால் இந்தக் கூத்தே இல்லை.

சத்திர சிகிச்சையை மருத்துவர் செய்துவிடுவார். சிக்கல் அதற்குப் பிந்திய பத்துப் பதினான்கு நாள். தையல் நனையக் கூடாது, நாய் நக்கக் கூடாது, மலைக்குப் போகக் கூடாது. பன்னிரண்டு வீட்டு நாயை ஒரு வீட்டுக்குள் வைப்பது லேசல்ல. மற்றப் பதினொரு வீட்டுக்கும் தினம் ஒரு தடவை வந்து பார்க்க நேரம் கொடுங்கள், பிஸ்கட் இல்லாமல். கழுத்துக் கூம்பு வாங்க முடியாவிட்டால் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்துக்குத் துணி சுற்றி, கழுத்துப்பட்டியோடு கட்டலாம். வாளியோடு நடக்கிற நாய் முதல் நாள் எல்லாக் கதவிலும் மோதும். பிள்ளைகள் சிரிக்கட்டும், கழற்ற மட்டும் விடாதீர்கள். தையல் சிவந்து வீங்கினாலோ நீர் கசிந்தாலோ பதினான்காம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

டவுனுக்குக் கொண்டு போவது

மிருக வைத்தியசாலை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பதுளையிலோ என்றால் சமாளிக்கலாம். பெரிய வருத்தம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள், அது ஒரு நாள் பயணம். எப்படிப் போனாலும் வளைவுகள் உண்டு. வளைவுகளில் நாய் வாந்தி எடுக்கும். ஏற்றுவதற்கு ஐந்து ஆறு மணி நேரத்துக்கு முன்பே சோற்றை நிறுத்துங்கள், தண்ணீர் கொஞ்சம் கொடுக்கலாம். இந்தச் செய்தி பன்னிரண்டு வீட்டுக்கும் போக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் வழியனுப்ப வரும்போது ரொட்டியோடு வரும்.

வலியில் உள்ள நாய்க்கு வாய்க்கட்டு வேண்டும். ஒரு மீற்றர் நீளத் துணிப்பட்டியில் வளையம் செய்து மூக்கின் நடுவில் போட்டு மேலே ஒரு முடிச்சு, நுனிகளைத் தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுபோய்க் காதுக்குப் பின்னால் இழுத்தால் அவிழும் முடிச்சு. வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் இதைக் கட்டக் கூடாது. நடக்க முடியாத நாயைச் சாக்கின் நான்கு மூலையையும் இருவர் பிடித்து மட்டமாகத் தூக்குங்கள். மடியில் வைத்துப் போக வேண்டாம், ஓட்டோவின் பின் தட்டில் காலடியில் படுக்க வையுங்கள். அதற்கு முன் கீழே ஒரு படங்கு, அதன் மேல் பழைய பத்திரிகை, அதன் மேல் சாக்கு. இந்த மூன்றையும் விரித்தவர்களுக்குத்தான் ஓட்டோக்கார அண்ணன் அடுத்த தடவை கூப்பிடும்போதும் போனை எடுப்பார்.